நான் செய்ததாகச் சொன்ன வேலைகள்

அக்கா எங்களைவிட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அம்பத்தூர் புதூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, கிளம்பும்போது இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இதை பஸ்ஸிலோ, வீட்டுக்குப் போன பிறகோ படித்தால் போதும். நான் எதிரில் நிற்கும்போது படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் அக்காவுக்கு உடன்பிறந்தவள் அல்ல. அவருடைய ஓரகத்தி. அவர் கணவரின் தம்பியை மணந்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். பதின்மூன்று வருடங்கள் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருந்தோம் என்றுதான் முதலில் எழுதினேன். சமையலறையில் நான் நின்ற நேரம் மிகவும் குறைவு. ஆகவே ஒரே வீட்டில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட மலரில் மகள் எழுதுவதுதான் முறை. அக்காவின் மகள் கயல்விழியிடம் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள்.

"நீங்க எழுதுங்க சித்தி."

"நீதானே பொண்ணு? உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

"எனக்கு அம்மாவத் தெரியும். அம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாள். பிறகு, "பொறுமையின் சிகரம், தியாகத் திருவுருவம்னு மட்டும் போட்டுடாதீங்க. அம்மா ஒண்ணும் ஆசைப்பட்டு செய்யல. வேற யாரும் செய்யல, அதனால செஞ்சாங்க" என்றாள்.

அவள் அதை என்னைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். அவள் கேட்டபடி நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா திருமழிசையில் பிறந்தார். அவருடைய அப்பா செங்கல் லாரி ஓட்டினார். அம்மா பக்கத்து நிலங்களில் களையெடுக்கப் போவார். மூன்று பெண்களில் அக்கா நடுவில் பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தார். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வழி இல்லை. தெருவைத் தாண்டி நடந்தால் தொழிற்பேட்டை. அங்கே கார்களுக்கு ஒயர் கட்டுத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பெண்களை எடுத்தார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தார்.

ஒரு காருக்குள் எத்தனை ஒயர் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு வழி, முனையில் ஒரு துளை. ஒன்று மாறினாலும் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். அக்கா கட்டியது திரும்பி வந்ததில்லை என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோது, அங்கே என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. 'ஒயர் கம்பெனி' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். என் வேலையைப் பற்றி மட்டும் அவரிடம் நிறையப் பேசியிருக்கிறேன்.

பெண் பார்க்க வந்தபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாமா என்று. எங்கள் மாமனார், "தாராளமா போகட்டும், ஊட்டு வேல நிக்காம பாத்துக்கினா சரி" என்று சொன்னாராம். மாமனாரின் பெரிய மனதுக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதை எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்டது. நானும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். அந்த வாக்கியத்தின் பின்பாதியை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் அழைப்பேன். பாடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மாமனார், நான் அத்தை என்று அழைக்கும் மாமியார், மாமா, அப்போது படித்துக்கொண்டிருந்த என் கணவர், பிறகு கயல் என்று ஐந்து பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு அக்கா கம்பெனி பஸ் ஏறினார். மாமனார் காலமான பிறகு நான் வந்தேன். பிறகு என் மகள் வந்தாள். எண்ணிக்கை குறையவே இல்லை.

நான் நாமக்கல் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை வந்தவள். என் ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிடம். கல்யாணம் முடிந்து முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, சாப்பாட்டு மேசையில் எனக்கென ஒரு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தது.

"உன் ஆபீஸ்ல சாப்பாடு எப்டி இருக்கும்னு தெரியல. இத எடுத்துகினு போ" என்றார் அக்கா.

அன்று நெகிழ்ந்துபோனேன். இரண்டாம் வாரத்திலிருந்து அது அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இரண்டாம் வருடத்தில் உப்புக் குறைவு என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்டேன்.

கொரோனா முடிந்து ஆபீஸ்கள் திறந்த சமயத்தில் எங்கள் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. படுக்கையோடு படுக்கை. கஞ்சி ஊட்ட வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்றால், மாமாவும் என் கணவரும் பேசினார்கள். ஆள் வைக்கலாம் என்று இரண்டு பேரை வைத்துப் பார்த்தோம். ஒருவர் நான்காம் நாள் நின்றுவிட்டார். இன்னொருவரை அத்தை பக்கத்தில் விடவில்லை. யாராவது ஒருவர் பகலில் வீட்டில் இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, என் கணவர் என் பக்கம் திரும்புவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எனக்குச் சம்பளம் அதிகம். வீட்டு லோன் என் பேர்லதான் இருக்கு" என்றேன்.

உண்மைதான். அந்த நேரத்தில் அதைச் சொன்னது எதற்காக என்பதும் எல்லோருக்கும் தெரியும். அக்கா எழுந்துபோய் அத்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் வழியையும் அவரே கண்டுபிடித்தார். அவருடைய கம்பெனியில் விருப்பம் எழுதிக் கொடுத்த பெண்களை நைட் ஷிப்ட்டில் போட்டார்கள். அக்கா எழுதிக் கொடுத்தார். இரவு முழுக்க வேலை. காலை ஏழு மணிக்கு வீடு. அதன்பிறகு எங்கள் டிபன், மதியச் சாப்பாடு, என் மகளுக்குச் சடை, அத்தைக்குக் குளியல். பதினொரு மணிக்குப் படுப்பார். அத்தை கூப்பிடும்போதெல்லாம் எழுந்திருப்பார். இப்படி இரண்டரை வருடம்.

நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

முதல் வருடம் முடியும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டார். அவருடைய கம்பெனியில் லைன் லீடர் வேலைக்கு அவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்களாம். முப்பது பெண்களை மேற்பார்க்கும் வேலை. மூன்று மாதம் பகலில் பயிற்சி. பிறகு ஷிப்ட்டை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து வருடம் கழித்து வந்த முதல் உயர்வு. அன்றைக்கு இருந்ததுபோல் அக்காவின் முகத்தை நான் பார்த்ததில்லை.

"மூணு மாசந்தான். உங்க ஆபீஸ்ல பாதிப் பேரு ஊட்ல இருந்தே வேல பாக்கறாங்கன்னு சொன்னியே. நீயும் கேட்டுப் பாக்கறியா? காலைல எல்லாம் நான் முடிச்சிட்டுப் போறேன். மத்தியானம் அத்தைக்குக் கஞ்சி மட்டும் குடுத்தாப் போதும். துணி மாத்தறதுகூட நான் வந்து பாத்துக்கறேன்."

"கேக்கறேன்க்கா" என்றேன்.

நான் கேட்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் நோயாளி இருப்பவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விண்ணப்பிக்கலாம் என்று எங்கள் மேனேஜர் எல்லோருக்கும் மெயிலே அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் போட்டிருந்தால் போதும். மூன்று நாள் அந்த மெயிலைத் திறந்து திறந்து மூடினேன். ஆபீஸில் என் நாற்காலி இருந்தது. யாரும் என்னைக் கூப்பிட்டுக் கஞ்சி கேட்க மாட்டார்கள். மெஷினில் பட்டனை அழுத்தினால் காபி வரும். நான்கு தோழிகளோடு சேர்ந்து, அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிடுவேன். அதையெல்லாம் மூன்று மாதம்கூட விட எனக்கு மனம் வரவில்லை. பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று மனதுக்குள் ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். அது இரண்டாவது காரணம்தான்.

நான்காம் நாள் அக்காவிடம், "கேட்டுப் பாத்துட்டேன்க்கா. ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்றேன்.

"சர்தான் வுடு. ஆபீஸ்னா அப்டித்தான். நீ இன்னா பண்ணுவ?" என்றார்.

எனக்காக அவர் வருத்தப்பட்டார். அந்த வேலை, அக்கா கைபிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்த செல்வி என்ற பெண்ணுக்குப் போனது.

அடுத்து எழுதப்போவது என் ஆபீஸ் தோழிகளுக்காகவும். அவர்களில் நான்கு பேருக்கு இந்த மலரை நானே கையில் கொடுக்கப்போகிறேன்.

அடுத்த மகளிர் தினத்துக்கு எங்கள் ஆபீஸில் விழா வைத்தார்கள். வீட்டையும் வேலையையும் சேர்த்து நடத்தும் பெண்கள் என்று ஐந்து பேரைப் பேசக் கூப்பிட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். என் கணவருக்கு வேலை. அக்கா வருகிறேன் என்றார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, சமைத்து, அத்தையைக் குளிப்பாட்டிவிட்டு, தலைக்குக் குளித்துப் பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டார். அத்தையைப் பார்த்துக்கொள்ள கயல் கல்லூரிக்கு லீவு போட்டாள்.

அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் பேச ஆரம்பித்தபோது, "எங்க வீட்டுல நாங்க எல்லாரும் சேந்து" என்றுதான் தொடங்கினேன். நான் எழுதி வைத்திருந்ததிலும் அப்படித்தான் இருந்தது. படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பற்றிச் சொன்னவுடன் அரங்கம் அமைதியாகிவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த அமைதியில் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. 'நாங்கள்' 'நான்' ஆகிவிட்டது. நான் காலையில் ஐந்து மணிக்கு எழுவேன் என்றேன். நான் சமைத்து வைத்துவிட்டு வருவேன் என்றேன். மாமியாருக்குக் கஞ்சி ஊட்டும்போது அவர் இடது கையால் என் கன்னத்தைத் தொடுவார் என்றேன். அத்தை அப்படித் தொடுவது உண்மை. தொட்டது அக்காவின் கன்னத்தை. கதவருகே நின்று நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அக்காவும் எழுந்து நின்று கைதட்டினார்.

கேக் வெட்டும்போது, விழாவை நடத்திய இளம்பெண் ஒருத்தி அக்காவிடம் வந்தாள்.

"நீங்க இவங்களுக்கு அக்காவா மேம்? எங்க ஒர்க் பண்றீங்க?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார்.

"நான் ஊட்லதாம்மா கீறேன்" என்றார்.

"ஐயோ, அப்ப இவங்க வேலைக்கும் வந்துட்டு உங்களையும் சேத்துப் பாத்துக்கறாங்களா? சூப்பர் மேம்!"

"ஆமாம்மா" என்று சொல்லிச் சிரித்தார் அக்கா.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கையில் கேக் தட்டை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அன்று ஸ்கூட்டியை எடுக்காமல் பஸ்ஸில்தான் போயிருந்தோம். திரும்பி வரும்போது கேட்டேன். "ஏன்க்கா அப்டி சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்றது? நைட் ஷிப்ட் போறேன்னா, வந்து சோறாக்கறேன்னு சொல்லணும். அப்ப மாமியாருக்குக் கஞ்சி ஊத்தறது யாருன்னு அந்தப் பொண்ணு கேக்காதா? அத்தினி பேரு மின்னாடி நீ தல குனிஞ்சி நிக்கணுமா?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "மைக்குல உன் கொரலு நல்லா கீது" என்றார். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். புதூர் ஸ்டாப் வந்ததும் நான்தான் எழுப்பினேன். அன்றைக்கு அவர் அதுவரை ஒரு நிமிடம்கூடத் தூங்கியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விழாவில் கொடுத்த கேடயத்தைக் கூடத்து அலமாரியில் என் கணவர் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவுக்குக் கோபமே வராது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. கயல் சொன்னது அதைத்தான். நன்றாகவே கோபம் வரும். ஒருநாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் என் மகளிடம், "உங்க பெரியம்மா எங்க வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார். அவளுக்கு அப்போது எட்டு வயது. "பெரியம்மா வேலைக்கெல்லாம் போக மாட்டாங்க. பகல் ஃபுல்லா தூங்குவாங்க" என்றாள். நான் சிரித்தேன். உள்ளறையில் அக்கா விழித்துத்தான் இருந்தார்.

மறுநாள் மேசையில் என் டிபன் பாக்ஸ் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மற்ற எல்லோருக்கும் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாத்திரங்கள் மட்டும் சத்தமாகப் பேசின. பதினொரு நாள் கேன்டீனில் சாப்பிட்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் சமையலறை வாசலில் போய் நின்று, "சின்னப் பொண்ணுக்கா, தெரியாம சொல்லிட்டா" என்றேன்.

அக்கா திரும்பவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார்.

"புள்ள சொன்னது இன்னா பெரிய தப்பு? அது கண்ணால பாத்தத சொல்லிச்சு. நீ சிரிச்ச பாரு. உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சி சிரிச்ச பாரு, அதான் எனக்கு எரியுது."

பிறகு எலுமிச்சை சாதத்தை என் டிபன் பாக்ஸில் போட்டு மூடி, மேடையில் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. டிபன் பாக்ஸ் திரும்பக் கிடைத்ததே மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அத்தை ஒரு மழைக்காலத்தில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. காரியம் முடிந்த மறுவாரமே அக்கா பகல் ஷிப்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். நான்கு மாதம் பகலில் வேலைக்குப் போனார். அந்த நான்கு மாதமும் அவர் முகமே வேறு. பூந்தமல்லி பக்கம் பஸ் போகும்போது வெயில் முகத்தில் அடிக்கிறது, அதுவே நன்றாக இருக்கிறது என்பார். செல்விதான் அவருக்கு இப்போது லைன் லீடர். "செல்வி மேடம் இன்னிக்கி என்ன வெரட்டுச்சு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் வீட்டு வேலை ஒன்றும் குறையவில்லை. பகல் ஷிப்ட்டுக்காக அவர் காலை நாலரை மணிக்கு எழுந்தார். நான் ஏழு மணிக்கு எழுந்தேன். அத்தையைப் பார்க்கிற வேலைதான் போய்விட்டதே, இனி அக்காவுக்குச் சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிரைண்டரில் மாவு வழிக்கும்போது அக்கா தலைவலி என்று சொல்லி உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "பிரஷர் இருந்திருக்கே. எவ்வளவு நாளா இருக்கு? என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டார்.

மாமா என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் கயலைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருடம் அவர் கையால் சாப்பிட்ட நாங்கள் நான்கு பேரும் டாக்டர் முன்னால் பதில் தெரியாமல் நின்றோம்.

பதில் சொன்னது செல்வி. விஷயம் கேள்விப்பட்டு, அன்று ஓவர்டைம் நடந்துகொண்டிருந்த கம்பெனியிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். அக்காவின் லாக்கரில் இருந்த மாத்திரை அட்டையைக் கையில் கொண்டு வந்திருந்தார்.

"ரெண்டு வருஷமா இதத்தான் துன்னுகினு கீறாங்க. கம்பெனி நர்ஸம்மாதான் பாத்து டாக்டராண்ட அனுப்புச்சு. நைட் ஷிப்ட் ஒத்துக்காது, மாத்திக்கோன்னு எத்தினியோ தபா சொல்லிச்சு. ஊட்ல பெரியவங்க படுத்துகினு கீறாங்க, எப்டி மாத்தறதுன்னு சொல்லிடுவாங்க." அட்டையை டாக்டரிடம் கொடுத்துவிட்டு செல்வி என் பக்கம் திரும்பினார். "லைன் லீடர் வேல அவங்களுக்கு வந்ததுங்க. எனக்கு வுட்டுக் குடுத்துட்டாங்க. ஓரகத்தி ஆபீஸ்ல ஒத்துக்கலயாமே, பாவம் அது இன்னா பண்ணும்னு சொன்னாங்க. நீங்க அவங்களுக்கு யாருங்க?"

"சொந்தம்" என்றேன்.

ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நினைவு திரும்பவே இல்லை. ஆறாம் நாள் விடியும்போது போய்விட்டார். வயது நாற்பத்தாறு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, பள்ளி விட்டு வரும் என் மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு மேனேஜருக்கு மெயில் போட்டேன். நான்கே வரி. மேனேஜர் உடனே போனில் கூப்பிட்டார்.

"தாராளமா எடுத்துக்கோங்க. மாமியார் படுத்திருந்தப்பவே நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன். ஏன் கேக்கல?" என்றார்.

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது நான் ஐந்து மணிக்கு எழுகிறேன். மேடையில் சொன்ன பொய்யில் ஒரு வரியாவது இப்படி மெய்யாகியிருக்கிறது. அதனால் யாருக்கும் பயனில்லை. என் சமையல் சுமார். பாதி நாள் மேசையில் மிச்சம் கிடக்கிறது. என் கணவர் சப்பாத்தி தேய்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். கயல் படிப்பை முடித்து முகப்பேரில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவள் சேர்ந்த வாரம் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "பொம்பளப் புள்ள, ஊட்டப் பாத்துகினு அப்பனுக்கு ஆக்கிப் போடலாம்ல?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கயலே சொன்னாள், "அப்பாவுக்கு ரெண்டு கை இருக்கு தாத்தா." அந்தப் பெரியவரும் இன்று இங்கே வந்திருக்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆபீஸில் அந்தக் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதற்கெல்லாம் எங்களிடம் வழிமுறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அலமாரியிலிருந்து எடுத்துப் பரணில் போட்டிருக்கிறேன். அன்று அந்த அரங்கில் எழுந்து நின்று கைதட்டிய தோழிகளுக்கு: அந்த நாட்களில் நான் ஐந்து மணிக்கு எழுந்ததே இல்லை. சமைத்தவரும், எங்கள் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டியவரும் மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தவர்தான். ராத்திரி முழுக்க ஒயர் கட்டிவிட்டு வந்திருந்தார். நீங்கள் கைதட்டியது அவருக்கு.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் வேலை முடிந்து நேராக அங்கே வந்து கயலோடு உட்கார்ந்திருந்த செல்விக்கும், ரத்தம் கொடுத்த அவருடைய லைன் பெண்களுக்கும், இறுதி ஊர்வலத்தன்று ஒரு ஷிப்ட் முழுவதையும் மாற்றி அமைத்துக்கொண்டு இரண்டு பஸ்ஸில் வந்த அந்தக் கம்பெனித் தோழிகள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அக்காவுக்கு இத்தனை பேர் இருந்தார்கள் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கம்பெனி நர்ஸ் அம்மாவுக்கு நன்றி. பதினாறு நாளும் எங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய எதிர்வீட்டாருக்கும், திருமழிசையிலிருந்து வந்து உடனிருந்த அக்காவின் சகோதரிகள் இருவருக்கும் நன்றி. அந்தச் சகோதரிகளிடம் நான் நேரில் பேச வேண்டியது தனியாக இருக்கிறது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கட்டுரையை மாமாவிடம் கொடுத்தேன். இதில் இருப்பதில் பாதி அவருக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வெகுநேரம் ஆனது. திட்டுவார், இதையெல்லாம் ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பார் என்று நினைத்து எதிரில் நின்றேன். நன்றி சொல்லும் பகுதியில் அவர் விரல் நின்றது. எல்லா மலரிலும் இருப்பதுபோல் அங்கே நானும் ஒரு வரி எழுதியிருந்தேன்.

"இத எடுத்துடும்மா."

"எதை மாமா?"

"அக்காவுக்குத் தோள் குடுத்து நின்ன கணவர்னு போட்டுக்கீறியே, அத."

"எல்லாரும் போடறதுதான் மாமா."

"போடறவங்க போட்டுக்கட்டும். நான் அவளுக்கு ஒண்ணும் பண்ணல. துன்ன தட்டக் கழுவி வெச்சது கெடையாது. எங்க அம்மாவுக்கு ஒரு நாளு கஞ்சி ஊத்தல. நீயாவது மூணு நாளு யோசிச்சிட்டுப் பொய் சொல்லிக்கீற. நான் யோசிச்சதே இல்ல." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மத்ததெல்லாம் அப்டியே போடு. இத மட்டும் எடுத்துடு."

எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அக்காவின் ஓரகத்தி
அம்பத்தூர் புதூர்